மார்கழியில் சிவக்கும் சாத்தாவாரி

மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வளவில், வேப்பமரத்துக்குக் கீழே, பழைய கம்பி வலையொன்றில் சாத்தாவாரி படர்ந்து நிற்கிறது. மார்கழியில் மழை ஓய்ந்த ஒரு காலையில் வந்து பார்க்க வேண்டும். ஊசி ஊசியான இலைகளின் நுனியிலெல்லாம் தண்ணீர் தொங்கும், அதற்கிடையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பழங்கள், சில இன்னும் பச்சை, சில மஞ்சள் ஓடின செம்மை, மிச்சமெல்லாம் நல்ல குங்குமச் சிவப்பு. தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "இது எங்க வாங்கின பூங்கண்டு?" என்று கேட்கிறார்கள். வாங்கினதில்லை, நம்முடைய காட்டுக்கொடிதான், கஞ்சிக்குப் போடுகிற அதே சாத்தாவாரி என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். சந்தையில் கட்டாகக் கட்டின இலையைப் பார்த்திருப்பார்கள், பழத்தோடு நிற்கிற கொடியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த நிலைக்குக் கொண்டுவர எனக்கு ஐந்து வருடம் எடுத்தது. அதில் முதல் இரண்டு வருடமும் நான் விட்ட பிழைகளாலேயே போனது. அந்தப் பிழைகளை இன்னொருவர் விடாமல் இருந்தால் நல்லது என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

அம்மாவின் ஊர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தாந்தாமலைப் பக்கம். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் வாவியைத் தோணியில் கடந்து, அதற்குப் பிறகு மாட்டுவண்டி. பெத்தாவின், அதாவது பாட்டியின், வளவுக்குப் பின்பக்கம் வேலி முடிகிற இடத்திலேயே பற்றைக்காடு தொடங்கும், வீரையும் பாலையும் நிற்கும், அவற்றின் அடியில் அரை நிழலில் சாத்தாவாரி ஏறிக் கிடக்கும். பெத்தா விடியற்காலையில் கஞ்சிக்கு இலை கிள்ளப் போனால் நானும் பின்னால் போவேன். அவர் இலையைக் கிள்ளுவார், நான் பழத்தைப் பொறுக்குவேன். "வாயில வைச்சிராத புள்ள, கையில வைச்சு விளையாடு" என்பார். கையில் வைத்து நசுக்கினால் சிவப்புத் தோலுக்குள் இருந்து கறுத்த விதை ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். அந்தச் சிவப்பும் கறுப்பும்தான் என் மனதில் நின்றது, கஞ்சியின் ருசி அப்புறம்தான்.

பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என்னுடைய ஒரு பிழை பெயரிலேயே தொடங்கியது. சித்த வைத்தியத்தில் தண்ணீர்விட்டான் கிழங்கு, ஆயுர்வேதத்தில் சதாவரி, சிங்களத்தில் ஹாத்தாவாரிய, எல்லாம் இதையேதான். தாவரவியலில் அஸ்பராகஸ் ரேசிமோசஸ் என்று எழுதுகிறார்கள். ரேசிமோசஸ் என்றால் கொத்துக்கொத்தானது என்று பொருள், பூவையும் பழத்தையும் பார்த்தால் ஏன் அப்படி வைத்தார்கள் என்று விளங்கும். நம் பக்கத்தில் இதன் இன்னொரு உறவும் இருக்கிறது, அஸ்பராகஸ் பல்காட்டஸ், அதன் இலை அகலமாக, வெள்ளாமை வெட்டும் தாக்கத்திபோல வளைந்திருக்கும், அதற்கும் சிவப்புப் பழம்தான். இரண்டையும் சாத்தாவாரி என்றே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வளவில் நிற்பது ஊசி இலைக்காரி. இலை என்று நாம் கிள்ளுவதுகூட உண்மையில் இலை இல்லை, இலையின் வேலையைச் செய்கிற சின்னத் தண்டுகள்தான். உண்மையான இலை சுருங்கிப் போய்ச் செதிலாகவும் முள்ளாகவும் தண்டோடு ஒட்டிக் கிடக்கிறது. கோடையை இந்தக் கொடி இவ்வளவு தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, முதல் பிழை. 2009இல் தெரிந்த ஒருவர் மருந்துக்குக் கிண்டினது என்று சொல்லி ஒரு கொத்துக் கிழங்கு தந்தார். விரல் தடிப்பில், இரண்டு பக்கமும் கூர்ந்து, வெள்ளை வெளேரென்று இருந்தன. நகத்தால் கீறினால் தண்ணீர் துளிர்க்கும். எனக்கு ஒரே சந்தோசம், வற்றாளைக் கிழங்கை நினைத்துக்கொண்டு வரிசையாகப் புதைத்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம், ஒன்றும் வரவில்லை. கிண்டிப் பார்த்தால் கிழங்குகள் அழுகவுமில்லை, முளைக்கவுமில்லை, அப்படியே கிடந்தன. பிறகு மெல்ல மெல்லச் சூம்பிப்போயின. காத்தான்குடியில் ஒரு பரியாரியாரிடம் வேறு விசயமாகப் போனபோது இதைச் சொன்னேன். "கிழங்கில கண் இல்ல மகள். கண் மேல இருக்கு, தண்டெல்லாம் சேர்ற கட்டையில. அது இல்லாட்டி எத்தின கிழங்கு வைச்சும் வேலையில்ல" என்றார். ஆகவே யாராவது கிழங்கு தந்தால் முதலில் பார்க்க வேண்டியது, மேல்முனையில் முடிச்சுப்போன்ற ஒரு கட்டை ஒட்டியிருக்கிறதா, அதில் வெங்காயத்தின் உள்முளைபோலச் சின்ன மொட்டு தெரிகிறதா என்பதைத்தான். அது இல்லாவிட்டால் நடுவதில் பயனில்லை.

அடுத்த வருடம் மச்சாள் ஒருத்தி தன் வளவில் நின்ற பழைய கொடியைப் பிரித்து, கட்டையோடு ஒரு பங்கு தந்தாள். அதைக் கிணற்றடியில் வைத்தேன், குளிக்கிற தண்ணீர் ஓடி வந்து தேங்குகிற இடத்தில். தண்ணீர்விட்டான் என்று பெயர் இருக்கிறதே, தண்ணீர் நிறைய வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பெயர் கிழங்குக்குள் தண்ணீர் இருப்பதைச் சொல்கிறது, வெளியே தண்ணீர் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் முதலில் நன்றாகத்தான் தளிர்த்தது. 2011 தையில் மட்டக்களப்பு முழுக்க வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வளவிலும் கிணற்றடிப் பக்கம் பல நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகும் கொடி பச்சையாகத்தான் இருந்தது, தப்பிவிட்டது என்று நினைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் அடியிலிருந்து மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்தது. மண்ணைக் கிளறினேன். கிழங்கெல்லாம் தோல் மட்டும் உறையாக இருக்க உள்ளே கூழாகியிருந்தது, விரலை வைத்ததும் பிதுங்கியது, நாற்றம் கையை விட்டுப் போகச் சவர்க்காரம் மூன்று தடவை போட வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் அழுதேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. மச்சாள் தன் கொடியைப் பிரித்துத் தந்தது அது.

கோடை இந்தச் செடியைக் கொல்லாது, தேங்கின தண்ணீர்தான் கொல்லும். நம்முடைய மாவட்டத்தில் மழை அநேகமாக ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது, அதனால் இடம் தெரிவு செய்வதை வைகாசியில் வெயிலைப் பார்த்துச் செய்யாமல், கார்த்திகையில் மழை பெய்து ஒரு மணித்தியாலம் கழித்துக் குடையோடு வளவைச் சுற்றி நடந்து செய்யுங்கள். எந்த இடத்தில் தண்ணீர் நிற்கவில்லையோ அதுதான் சாத்தாவாரியின் இடம். கடற்கரைப் பக்க மணலில் இருக்கிற எங்களுக்கு இது கொஞ்சம் இலகு. படுவான்கரையில் களிமண் வளவுக்காரர் கட்டாயம் மேடு கட்ட வேண்டும்.

மூன்றாவது தடவை விதையில் தொடங்கினேன். அந்த மாசியில் அம்மாவின் ஊருக்குப் போய், பெத்தாவின் பழைய வேலியில் காய்ந்து சுருங்கிக் கறுத்த பழங்கள் ஒரு பிடி கொண்டுவந்தேன். பழத்தை ஊறவைத்துச் சதையைக் கழுவி எடுத்தேன். சதை ஒட்டியிருந்தால் எறும்பும் பூஞ்சணமும் வந்துவிடும். விதை கடுங்கறுப்பு, கல்லுப்போல இருக்கும். கடற்கரைக் குறுமணல் கொஞ்சத்தோடு இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்து மினுக்கம் போகும்வரை தேய்த்தேன், இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு நாள் போட்டேன், மிதந்தவற்றை எறிந்துவிட்டு மிச்சத்தை ஊன்றினேன். ஓட்டை போட்ட சிரட்டைகளில், மணல் இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, மக்கின மாட்டெரு ஒரு பங்கு. விரல்நகம் மறையும் ஆழம் போதும்.

இதற்குப் பிறகு பொறுமை மட்டும்தான். முப்பது விதையில் முதல் முளை வர இருபத்தாறு நாள் சென்றது. மொத்தமாகப் பதினொன்று முளைத்தது, கடைசியாக வந்தது ஐம்பது நாள் தாண்டித்தான். நான் இரண்டு சிரட்டையை "இனி வராது" என்று குரோட்டன் அடியில் கொட்டிவிட்டேன், அதிலும் ஒன்று அங்கே தானாக முளைத்து நின்றது. ஆகவே குறைந்தது இரண்டு மாதம் சிரட்டையைத் தொடாதீர்கள், ஈரம் காயவும் விடாதீர்கள். முளை எப்படியிருக்கும் என்று தெரியாமல் புல் என்று பிடுங்கிவிடவும் வாய்ப்பிருக்கிறது. தையல் ஊசித் தடிப்பில், ஊதா கலந்த பச்சையில், இலையே இல்லாத ஒரு ஈர்க்கு மண்ணைத் துளைத்துக்கொண்டு நேரே வரும். நாலு விரல் உயரம் வந்த பிறகுதான் பக்கத்தில் பஞ்சுபோலப் பிரியும். முதல் வருடம் முழுக்க அது அந்த அளவில்தான் நிற்கும். மேலே ஒன்றும் நடக்கவில்லை என்று எருவை அள்ளிப் போடாதீர்கள், அந்த நேரம் அது கீழே கிழங்கு கட்டிக்கொண்டிருக்கிறது.

ஐப்பசி முதல் மழை விழுந்து மண் நனைந்ததும் நல்ல கன்றுகள் நாலை வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு, சுற்றிவரப் பொச்சுமட்டை அடுக்கி மண் சரியாமல் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலடி இடைவெளி. வேப்பமரத்தின் மேற்குப் பக்கம் நட வேண்டாம், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேர வெயிலும் காற்றும் சேர்ந்து இளங்கொடியை வறுத்துவிடும். காலை வெயிலும் மத்தியானத்துக்குப் பிறகு நிழலும் படுகிற கிழக்குப் பக்கம் எனக்குச் சரிவந்தது. கடும் நிழலிலும் உயிரோடு இருக்கும், ஆனால் பூ குறைவு, பூ இல்லாவிட்டால் பழமும் இல்லை.

ஏற விடுவதற்கு முதலில் கிளிசரிடியா கதியாலை, வேலிக்கு நடுகிற உயிர்க்கம்பைத்தான் கொடுத்தேன். அது கெதியாக வளர்ந்து, வெட்ட வேண்டிய நேரம் வந்தபோது முள்ளுக்கொடி முழுக்கச் சுற்றிக் கிடந்தது, கையெல்லாம் கீறல். அதன் பிறகுதான் இரண்டு இரும்புக் குழாயை நட்டுக் கம்பி வலை கட்டினேன். வலையில் பரப்பிவிட்டால் பழம் முகத்துக்கு நேரே தெரியும், மரத்தில் ஏறினால் உச்சியில் போய்க் காய்க்கும், குருவிக்கு மட்டும்தான் தெரியும்.

இனி கோடை. இரண்டாம் வருடம் ஆனி ஆடியில் நாலு கொடியும் மஞ்சளாகின. ஊசி இலையெல்லாம் கொட்டி, காற்றில் முள்ளுத்தண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இவர் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு, வெட்டி எறிஞ்சிட்டு வேற ஏதாவது வைப்பம்" என்றார். எனக்கும் பயம்தான், கிணற்றடிக் கொடி மஞ்சளானது கண்ணுக்குள் நின்றது. அடியில் மண்ணை இரண்டு விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தேன். கட்டை கல்லுப்போல இறுக்கமாக இருந்தது, பக்கத்தில் நெல்மணியளவில் வெள்ளை மொட்டு மூன்று. மண்ணை மூடிவிட்டு, வேப்பஞ்சருகு ஒரு சாண் உயரத்துக்குப் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். கட்டை இறுக்கமென்றால் உயிர் இருக்கிறது, அமுக்கினால் பஞ்சுபோல இறங்கினால் அழுகல். மேலே பார்த்து முடிவெடுக்காதீர்கள், கையை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் இரக்கப்பட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. நான் பத்து நாளைக்கு ஒருக்கால் கொடிக்கு ஒரு வாளி ஊற்றுகிறேன், எங்கள் மணலுக்கு அது போதும், இறுக்கமான மண்ணுக்கு அதுவும் அதிகம்.

புரட்டாதிக் கடைசியில் காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டிவிட்டு, மக்கின ஆட்டெரு இரண்டு கைப்பிடி போடுவேன். முதல் மழை விழுந்ததும் புதுத்தண்டு பெரியவரின் சுண்டுவிரல் தடிப்பில் கிளம்பும், நாளுக்கு நாள் கண்முன்னே ஏறும். இந்த நேரம் ஆட்டிடமிருந்து காப்பாற்ற வேண்டும். முற்றின முள்ளுத்தண்டை ஆடு அவ்வளவாகத் தொடாது, இளந்தண்டை ஒன்றும் விடாது.

பூ வந்த அந்த நாளை எனக்கு நல்ல ஞாபகம். 2013 ஐப்பசி, நடுத்தண்டுகளை வெட்டாமல் விட்டிருந்தேன். பின்னேரம் வேப்பமரத்தடியைக் கடக்கும்போது ஒரு மணம், மல்லிகை இல்லை, தேனும் பச்சையும் கலந்தமாதிரி. தேடினால் கொடியில் வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொரு பூவும் கடுகு பொரிந்த அளவு, ஆறு இதழ், நடுவில் மகரந்தத் தலைகள், சின்னத் தேனீக்கள் சத்தம் போட்டுக்கொண்டு. அடுத்த நாள் காலை கீழே குறுணல் அரிசி கொட்டினதுபோலக் கிடந்தது. அந்த வருடம் மார்கழியில் ஒரு சிரட்டைக்குக்கூடப் பழம் தேறவில்லை. 2014இல்தான் வலை முழுக்கச் சிவந்தது.

பழம் வேண்டுமென்றால் கஞ்சிக்குக் கிள்ளுகிற கொடியும் பழத்துக்கு விடுகிற கொடியும் வேறாக இருக்க வேண்டும். என்னுடைய நாலில் இரண்டு கஞ்சிக்கு, இரண்டைத் தொடுவதில்லை. கஞ்சி எங்கள் வீட்டில் இப்படித்தான்: சிவப்புப் பச்சையரிசியை நாலு பல் உள்ளியோடு குழைய அவித்து, இலையை அரைத்துப் பிழிந்த சாற்றையும் தேங்காய்ப்பாலையும் கடைசியில் விட்டு ஒரு கொதியில் இறக்கி, உப்புப் போட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. சாற்றை நெடுநேரம் கொதிக்கவிட்டால் நிறமும் போகும், மணமும் போகும். கிழங்கை மருந்தாகச் சாப்பிடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அதைப் படித்த வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பழத்தைச் சாப்பிடக் கூடாது. பெத்தா சொன்னதை என் பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்கிறேன். இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. பூங்கன்று விற்கிற இடங்களில் அஸ்பராகஸ் என்று சொல்லித் தொங்குசாடியில் விற்கிறார்களே, ஸ்பிரெங்கேரி என்ற வகை, அது தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. அதற்கும் அழகான சிவப்புப் பழம். அந்தப் பழம் வயிற்றைக் குழப்பும், நாய் பூனைக்கும் ஆகாது. அவுஸ்திரேலியாவில் தோட்டத்துக்குக் கொண்டுபோனது பறவைகளால் காட்டுக்குள் பரவி இப்போது களையாக நிற்கிறது. நம் காட்டிலேயே இவ்வளவு வடிவான ஒன்று இருக்கும்போது அதை ஏன் கொண்டுவர வேண்டும் என்பது என் எண்ணம்.

பறவைகளை நான் தடுப்பதில்லை. கொண்டைக்குருவிகள் விடியக்காலையிலேயே வந்துவிடும், அவை தின்றது போக மிச்சம் எனக்குப் போதும். உடுப்புக் காயப்போடுகிற கயிற்றுக்குக் கீழே வருடா வருடம் நாலைந்து கன்று தானாக முளைக்கிறது, அது அவை தருகிற பங்கு. தைப்பொங்கலுக்கு இரண்டு கொடி வெட்டிச் செம்பில் வைப்பேன், பழம் பல நாள் வாடாது, ஊசி இலை மட்டும் நாலாம் நாள் கொட்டத் தொடங்கும், ஆகவே சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள்.

தம்பி ஒருமுறை உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனபோது, குமண காட்டுப் பாதையில் இந்தக் கொடியைக் கண்டதாகவும், வேரோடு ஒன்று கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னான். நல்லவேளை தொடவில்லை. அது தேசிய வனம், அங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு கொடியைக் கிழங்குக்காகக் கட்டையோடு கிண்டினால் அந்த இடத்தில் அந்தக் கொடி முடிந்தது. அது அவ்வளவு கிழங்கு கட்ட எத்தனை கோடை எடுத்திருக்கும் என்று வளர்த்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒரு பிடி பழம் பொறுக்கினால் போதும், மிச்சத்தைச் சிரட்டை பார்த்துக்கொள்ளும்.

பெத்தாவின் வேலி இப்போது இல்லை. பற்றையை வெளியாக்கி மதில் கட்டிவிட்டார்கள், அந்தப் பழைய கொடியும் அதோடு போய்விட்டது. போன வருடம் ஐப்பசியில் கயிற்றடிக் கன்றுகளில் மூன்றைத் தும்புத்தூளில் சுற்றிக் கொண்டுபோய், மாமியின் வளவில் ஒரு பாலைமரத்தடியில் மேடு கட்டி நட்டுவிட்டு வந்தேன். ஒன்று வரவில்லை. ஒன்றை ஆடு தரையோடு தின்றுவிட்டது என்று மச்சாள் போனில் சொன்னாள். "கட்டையை அமுக்கிப் பார், இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன். இறுக்கமாக இருக்கிறதாம். சுற்றிவர முள்ளு அடைத்துவிடச் சொன்னேன். இந்த மாரிக்கு அதிலிருந்து இரண்டு தண்டு முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கிறது, மற்றது ஆள் உயரம். பூ இன்னும் வரவில்லை.